கூடைக்குள் கேட்ட நாடகம்

போன மாதம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். மெல்பேர்னில் இருப்பவர் ஓர் இசை நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதையே லண்டனில் பார்த்த அனுபவத்தோடு ஒப்பிட்டு எழுதினார். டொரண்டோக்காரர் தன் ஊர் மேடைதான் உசத்தி என்றார். மேடை சுழன்றதா, பாடகிக்கு மூச்சு வாங்கியதா, இடைவேளைக்குப் பிறகு எந்தப் பாட்டை வெட்டினார்கள் என்று மூன்று நாள் போனது. "நம்மில் பத்திரிகையில் இருந்தவள் நீதானே, நீ சொல்லு" என்று ஒருவர் கேட்டார். பதுளையில் மழை, கரண்ட் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

சொல்ல இருந்ததை இப்போது சொல்கிறேன். நானும் ஒரே இசை நாடகத்தை நான்கு ஊர்களில் அறிந்தவள். அதில் மூன்றை நான் பார்க்கவில்லை. மேடை மீது கவிழ்த்து வைத்த ஒரு கூடைக்குள் உட்கார்ந்து கேட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டம். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். நான் நடை பழகும் முன்பே அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் தங்கை, என் சித்தி, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தார். சித்தப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் அப்பாவோடு பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் வசிப்பதாகத்தான் பதிவேடுகளில் இருந்தது. ஆனால் நான் சாப்பிட்டதும், தலை வாரிக்கொண்டதும், காய்ச்சலில் படுத்ததும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில், சித்தி வீட்டில்.

அந்த வருடம் பள்ளிக்கூட விழாவுக்கென்று அப்பா ஒரு நாடகம் எழுதினார். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு. ஒரு தாய் காலையில் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் போகிறாள். மாலையில் வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். மடுவத்து ஆயாவிடம் பாட்டில் கேட்கிறாள்; ஆயா பாட்டில் பதில் சொல்கிறாள். பிறகு கங்காணி, கணக்கப்பிள்ளை, லயத்துப் பெண்கள். கடைசியில் தேயிலைச் செடிகளிடமே கேட்கிறாள். பிள்ளையோ கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு கூடைக்குள் ஒளிந்து, அப்படியே தூங்கிப்போயிருக்கிறது. தாய் அங்கே வந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் தப்பு மேளம் மூன்று அடி அடிக்கும். மூன்றாவது அடிக்குக் கூடையைத் தள்ளிக்கொண்டு பிள்ளை வெளியே வர, தாய் தூக்கிக்கொள்வாள். அதோடு திரை.

தாய் வேடம் சித்திக்கு, பிள்ளை வேடம் எனக்கு. பெண் வேடத்தை மீசை மழித்த ஆண்களே கட்டிய தோட்டத்தில் இது சும்மா போகவில்லை. சித்தப்பாவை வழியில் நிறுத்திக் கேட்டார்கள்.

"என்னப்பா, பொஞ்சாதிய மேடையில ஏத்துறியாமே?"

"வீட்டுல பாடுனா எனக்கு மட்டுந்தான கேக்குது. மத்தவங்களும் கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார் சித்தப்பா. அவர் அதிகம் பேசுபவர் இல்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தோட்டத்தில் கூடை பின்னுபவர், வழக்கமான கொழுந்துக் கூடையைப் போல இரண்டு மடங்கு பெரிதாக ஒன்றைப் பின்னிக் கொடுத்தார். "வாத்தியாரு மகள கோழி மாதிரி கவுத்துப் போட்டாரு" என்று லயத்துப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. உள்ளே உட்கார்ந்தால் பிரம்பு இடுக்குகளில் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வரும். தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரைக்கும் தெரியும். அதாவது, கால்கள் தெரியும். ஒத்திகை தொடங்கிய ஒரு வாரத்தில் நடிகர்கள் எல்லாரையும் காலை வைத்தே சொல்லிவிடுவேன். சித்தியின் இடது கால் மெட்டி சற்றுப் பெரிது, நடக்கும்போது தரையில் தட்டும். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் ஊறிய கொழுந்துச் சாறின் வாசனை சித்திக்கு முன்பே வந்துவிடும்.

ஒத்திகைக் காலத்தில்தான் சித்தி வீட்டுக்குக் காகிதம் வந்தது. இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தார். சித்தப்பாவின் தகப்பனார் சாவதற்கு முன் முழுக் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் பெயர் அப்பாவின் காகிதத்தில் இருந்தது.

ஒரு நாள் ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் கூடையை விட்டு வெளியே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்விட்டதாக அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"அத்தான், அவளையும் எங்ககூட அனுப்பி வையுங்க" என்றது சித்தியின் குரல்.

ஆர்மோனியப் பெட்டியை மூடும் சத்தம். "அவ பேரு உங்க காகிதத்துல இல்லையே."

"எழுதிக் கேட்டா சேப்பாங்களாம். அவரு விசாரிச்சிட்டு வந்தாரு."

"அப்புறம் நான் யாருகூட இருக்கிறது?"

 சித்தி, "சரி, விடுங்க. நாடகம் முடியட்டும். அது முடியிற வரைக்கும் பொட்டி கட்ட வேணாம்னு அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றார். மெட்டி தட்டும் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான். நாடகம் நடக்கும் வரை சித்தி இருப்பார்.

முதல் மேடை எங்கள் பெரட்டுக் களம். விடியற்காலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அதே வெளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு, நல்ல வெயிலில் நடந்தது. நாடகத்துக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். கூட்டத்தில் பாதி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது. பிறகு நாடகத்தின் முதல் ஓசை: தப்பு. காட்சி விடியற்காலை என்பதால், பெரட்டுக்கு எழுப்பும் அடியையே அப்பா வைத்திருந்தார். அடித்தவரும் தினமும் காலையில் அடித்து எழுப்பும் அதே தப்புக்காரர்.

கூடை இடுக்கில் நான் கண்டது இது: முன்வரிசையில் மடித்திருந்த வெறுங்கால்கள் சட்டென்று நிமிர்ந்தன. பத்துப் பதினைந்து பேர் எழுந்தேவிட்டார்கள். ஒரு பெண்ணின் கை இடுப்பில் படங்கைத் தேடியதாம். பக்கத்திலிருந்த கிழவர், "உக்காருடி, இது நாடகம்" என்றார். "நாடகமா இருந்தா என்ன, அடிக்கிறது அவருதானே" என்றாள் அவள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு எவரும் தூங்கவில்லை. தாய் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகும்போது, கூட்டத்திலிருந்தே பதில் வந்தது. "மேமலைக்குப் போய்ப் பாரும்மா." "பீலிக்கரையில பாத்தியா?" கடைசிப் பாட்டுக்கு எந்தச் சத்தமும் இல்லை.

பனி எறங்கி வருது ஆயி, பசிச்சிருக்கும் வந்துரம்மா,
கொரலக் கேட்டா வந்துரம்மா, கோவிச்சுக்க மாட்டேன்மா.

தப்பு மூன்று அடி. நான் வெளியே வந்தேன். சித்தி தூக்கிக்கொண்டார். தோட்டத்தில் அந்தக் காட்சிக்குக் கைதட்டவில்லை. கைதட்டும் வழக்கமே அங்கே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொருவராக மேடையருகே வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள், உண்மையிலேயே தொலைந்து கிடைத்தவளைத் தொடுவது போல.

விழாவுக்கு வந்திருந்த பண்டாரவளை ஆசிரியர் ஒருவர் தன் பள்ளிக்கூட மண்டபத்தில் போடச் சொன்னார். இரண்டாவது மேடை அது. முன்வரிசையில் ரப்பர் செருப்புகள், தோல் செருப்புகள். தப்பு ஒலித்தபோது ஒரு காலும் அசையவில்லை. நிமிர வேண்டிய இடத்தில் யாரோ சின்னதாகச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை பாட்டுக்குக் கைதட்டல் விழுந்தது. கங்காணி பாட்டுக்கு ஒருவர் எழுந்தார். "கங்காணிமாருன்னா எல்லாரும் ஒரே மாதிரியா? எங்க தாத்தாவும் கங்காணிதான்" என்றார். அப்பா ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "உக்காருங்க ஐயா, அடுத்த அடியில நல்லதும் வருது" என்றார். அடுத்த அடியில் நல்லது எதுவும் இருக்கவில்லை. அப்பா அங்கேயே இட்டுக்கட்டிப் பாடிக் கொடுக்க, கங்காணி வேடக்காரர் அதைத் திருப்பிப் பாடினார். எழுந்தவர் திருப்தியோடு உட்கார்ந்தார். அன்று தாயின் தேடல் தோட்டத்தைவிட வேகமாக முடிந்தது. கூட்டத்திலிருந்து யாரும் வழி சொல்லாததால், நிற்பதற்கு இடமில்லாமல் போனது.

திரும்பி வரும் லொறியில், பதுளையில் போடக் கேட்கிறார்கள் என்றார் அப்பா. "அதோட போதும். அதுதான் கடைசி." சித்தப்பா தலையை ஆட்டினார். சித்தி என்னைத் தன் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பனி இறங்கியிருந்தது. 

பதுளையில் நாடகத்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தவர் ஒரு புடவைக் கடை முதலாளி. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "கதாநாயகி கிழிஞ்ச சேலையோட வந்தா நம்ம கடைக்கு மரியாதையா இருக்காதுங்க." கொழுந்து பறிப்பவளுக்குச் சரிகைக் கரை போட்ட புதுச் சேலை. அப்பா வாதாடினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நீங்க சொல்றது சரிதான். ஆனா சேலை இதுதான்" என்றார். சேலைக்கு மேல் படங்கும் கட்டக் கூடாது என்றாயிற்று.

அதனால், மூன்றாவது மேடையில் சித்தி கூடையருகே வந்தபோது கொழுந்துச் சாறின் வாசனை இல்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனை. மெட்டிச் சத்தம் இருந்திராவிட்டால் வேறு யாரோ என்றுதான் நினைத்திருப்பேன். முன்வரிசையில் பளபளக்கும் சப்பாத்துகள். அந்த மண்டபத்தில் எல்லாமே சரியாக நடந்தது. பெட்டிகளில் தேயிலைச் செடிகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சித்தியின் குரல் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு மடங்காகக் கேட்டது.

கடைசிப் பாட்டு முடிந்தது. தப்பு மூன்று முறை அடித்தது.

நான் வெளியே வரவில்லை.

முன்கூட்டியே திட்டமிட்டேன் என்று சொல்ல முடியாது. இரண்டாவது அடி விழும்போதுதான், வெளியே வந்தால் நாடகம் முடிந்துவிடும் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. வராவிட்டால் முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

 ஆர்மோனியம் ஒரு சுரத்தில் நின்று இழுத்தது. பிறகு அப்பா பாட்டின் தொடக்கத்தை மறுபடி வாசித்தார். சித்தி மறுபடி பாடினார். தப்பு மூன்று அடி. நான் வரவில்லை. மெட்டி தட்டித் தட்டிக் கூடையைச் சுற்றி வந்தது. இடுக்கு வழியே கால்கள் மிக அருகில் வந்து நின்றன. நான் விரலை நீட்டினால் தொடலாம். மூன்றாவது முறை ஆர்மோனியம் இல்லாமலே சித்தி பாடினார், யாருக்கோ காதுக்குள் சொல்வது போல. பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. பாட்டு முடிந்தது. கால்கள் நகரவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து தப்புக்காரர் குனிந்து வந்து, தப்புக் குச்சியால் கூடையை நெம்பிவிட்டார். "அடியே, தூங்கிட்டியா, எந்திரி." அவர் முணுமுணுத்தது முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. கூடை சாய்ந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. சித்தி என்னைத் தூக்கினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

பத்து நாள் கழித்து ஒரு பத்திரிகையில் அரைப் பத்தி விமர்சனம் வந்தது. இறுதிப் பாடலை மும்முறை பாட வைத்து, இசையைப் படிப்படியாக அகற்றிய ஆசிரியரின் உத்தி புதுமையானது என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதை வெட்டி ஓர் அட்டையில் ஒட்டினார். எங்கள் வீட்டில் அந்த அட்டை வெகுகாலம் இருந்தது. எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்றே அவர் சாகும்வரை நம்பினார். "தூங்குனதும் நல்லதுக்குத்தான்" என்பார். பிற்காலத்தில் நானே அரங்க விமர்சனம் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும், மேடையில் எது உத்தி, எது விபத்து என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

சித்தி மட்டும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. எனக்கு அது தண்டனையாகப் பட்டது. நாடகத்துக்கு மறுநாளே தகரப் பெட்டிகள் இரண்டு வந்தன. பெயர் எழுத வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்தார் சித்தப்பா. நாடகத்தைக் கெடுத்ததால் சித்திக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு அவசரமாகப் பெட்டி கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். நானாகப் போய்ப் பேசவில்லை. சித்தி கூப்பிட்டு விட்டும் இரண்டு நாள் மேட்டு லயத்துக்குப் போகவில்லை. ஒன்பது வயதில் செய்த கணக்கு. அதைத் திருத்த முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

அவர்கள் புறப்படும் நாள் எனக்குச் சொல்லப்படவில்லை. பெரகலையில் அப்பாவின் அக்கா வீட்டாருக்குச் சந்தியில் ஒரு சின்னக் கடை. "அத்தைக்குச் சொகமில்ல, நாலு நாள் ஒத்தாசையா இரு" என்று அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். அத்தை நன்றாகத்தான் இருந்தார். கடை வாசலில் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அத்தை தேங்காய் துருவியபடியே சொன்னார்.

"இன்னிக்குத்தான் ஒங்க சித்தி ரயில் ஏறுது. ஸ்டேசன்ல பாத்தா புள்ள பயந்துரும்னு ஒங்கப்பா சொன்னாரு. பாக்காட்டி சீக்கிரம் மறந்துருமாம்."

அப்பா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். சிலேட்டில் இருப்பதை அழித்தால் போய்விடும் என்று நம்பியிருக்கலாம். ரயில் மேலே அப்புத்தளை வழியாகத்தான் போக வேண்டும். காற்று வாகாக இருந்தால் அதன் கூவல் சந்தி வரைக்கும் கேட்கும் என்பார்கள். அன்று முழுக்கப் பனிமூட்டம். கடையின் பின்பக்கம் போய் நின்றிருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தேன். ரயிலின் கூவல் கேட்கவே இல்லை.

நான்காவது மேடை இந்தியாவில், சித்தி குடியேறிய கோத்தகிரியில். நான் நாற்பது தாண்டியிருந்தேன். அதற்குள் சித்தியிடமிருந்து ஏழெட்டுக் கடிதம் வந்திருக்கும், யாரையாவது பிடித்து எழுதுவித்தவை. அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்ததும், சித்தப்பா இறந்ததும், 'அத்தான் நாடகத்தை இங்கேயும் போடுகிறார்கள்' என்பதும் அவற்றில் இருந்தன. வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போனவள், மாரியம்மன் திருவிழா நாளாகப் பார்த்து மலையேறினேன். சித்தி தளர்ந்திருந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப்புட்டியா" என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார்.

முதல் தடவையாக அந்த நாடகத்தை முழுக் கண்ணாலும் பார்த்தேன். கங்காணி மேஸ்திரியாகியிருந்தார். ஆர்மோனியத்துக்குப் பதில் கீபோர்டு. தப்பு ஒலித்தபோது இளைஞர்கள் விசிலடித்தார்கள். கிழவிகள் மூன்று நான்கு பேர் மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். தாய் வேடத்தில் சித்தியின் மருமகள். கூடை இல்லை, நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். உள்ளே இருந்த பிள்ளைக்கு யாருடைய காலும் தெரிந்திருக்காது.

கடைசிப் பாட்டு வந்தது. ஒரு முறை பாடி முடித்தாள். தப்பு அடித்தது, பிள்ளை வரவில்லை. மறுபடி பாடினாள். டிரம்மைச் சுற்றி வந்தாள். கீபோர்டு நின்றது. மூன்றாவது முறை மெல்லப் பாடினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை வந்தது.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் நாடகத்தை நடத்தும் லாரி டிரைவர். எதற்காக மூன்று முறை என்று அவரிடம் கேட்டேன்.

"அதுதாங்க மொறை. பதுளையில அப்படித்தான் போட்டாங்க. ஒரு தடவ கொறைச்சாலும் பெரியம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று சித்தியைக் காட்டினார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"சித்தி, பதுளையில நான் தூங்கல."

சித்தி மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்புடி?"

"கூடை ஓட்டையில கண்ணு மினுங்குச்சு. மொதத் தடவையே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் திரும்பத் திரும்பப் பாடுனீங்க? கிட்டத்துலதான நின்னீங்க. நீங்களே கூடையத் தூக்கியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"அதான், முடிஞ்சிருக்கும்."

நாற்காலி அடுக்குபவர்கள் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் நடக்கத் தொடங்கவில்லை.

"நாலாவது தடவையும் பாடியிருப்பேன்" என்றார். "அந்தத் தப்புக்காரருதான் அவசரப்பட்டுட்டாரு."